பெரியப்பாவின் கற்பூரப் பற்கள்

என் பெரியப்பாவின் பற்கள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தன.

பித்தளைச் சட்டியில் மஞ்சள் கரைத்த தண்ணீர். அதன் அடியில் மேல்வரிசை ஒன்றும் கீழ்வரிசை ஒன்றும் கிடந்து கடகடவென்று ஆடின. அடுக்களை முழுக்கக் கற்பூர வாசம். அம்மா அகப்பைக் காம்பால் அவற்றைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எம்மா, வெந்நீரு ஆகாதுன்னு பல் டாக்டரு சொன்னாருல்ல."

"சொன்னாரு. நானும் கேட்டேன்."

"அப்பறம் ஏன் அவிக்கிற?"

"அவுக அவிக்கச் சொன்னாக. அவிக்கிறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு நிச்சயம். எனக்குப் பதினாறு வயது. அஞ்சாம் பாரம், இப்போதைய பத்தாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை திருமங்கலத்தில் பஞ்சு அரவை மில் வைத்திருந்தவர், மூத்த தாரத்தை இழந்தவர். அவருடைய மூத்த மகனுக்கும் எனக்கும் வயதில் அதிக வித்தியாசம் கிடையாது.

போன வாரம் இந்தத் தொடரில் பெரியப்பாவைப் பற்றி நான் எழுதியது கொஞ்சம் கடுமை என்று உறவுக்காரர் ஒருவர் பத்திரிகை ஆபீஸ் வரைக்கும் போய் வருத்தப்பட்டாராம். போய்ச் சேர்ந்த மனிதரை இப்படி எழுதலாமா என்றாராம். இருந்த காலத்தில் அவர் யாரையாவது பேச விட்டாரா என்ன? அந்த உறவுக்காரர் இந்த வாரத்தைப் படிக்காமல் இருந்தால் அவர் உடம்புக்கு நல்லது.

ஆசாரம் என்கிற ஒரே படிப்பு

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா நான் தவழும்போதே தவறிவிட்டார். அப்பாவின் அண்ணன்தான் பெரியப்பா. மேல மாசி வீதியை ஒட்டிய சந்தில் அவர் வீடு. அம்மாவுக்கும் எனக்கும் அங்கேதான் சோறு. அம்மாதான் அந்தச் சோற்றை ஆக்கினாள். வீட்டில் இருந்த எல்லாருக்கும், வந்து போகிறவர்களுக்கும் சேர்த்து ஆக்கினாள். ஆனால் ஆதரவு கொடுத்தவர் பெரியப்பா என்றுதான் ஊர் சொல்லும். பெரியப்பாவும் அதைத்தான் சொல்வார், சாப்பிடும்போதே சொல்வார்.

சோழவந்தான் பக்கம் அவருக்கு வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தன. அவர் வயலில் இறங்கி நான் பார்த்ததில்லை. கொடிக்கால் வெற்றிலையை மட்டும் நாளெல்லாம் மென்று மென்று, அறுபது வயதுக்குள் வாயைக் காலி செய்துகொண்டார்.

அவர் படித்த ஒரே படிப்பு ஆசாரம். எது தீட்டு, எது தீட்டில்லை, எந்தத் தீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று விடிய விடியப் பேசுவார். திருமங்கலம் பஸ்ஸில் போய்விட்டு வந்தால் கொல்லைப்புறம் வழியாக வந்து தலை முழுகிவிட்டுத்தான் கூடத்துக்குள் வருவார். ஆனால் வெயில் காலத்தில் விளக்குத்தூண் பக்கம் போனால் சோடா குடிப்பார். கடைக்காரர் யார், பாட்டிலைக் கழுவியவர் யார் என்று கேட்டதே இல்லை. கோலிக் குண்டு பாட்டில் வாயை அடைத்திருக்கிறதாம், தீட்டு உள்ளே போக வழியில்லையாம். தனக்குத் தாகம் எடுக்கிற இடத்தில் எல்லாம் அவருக்குச் சாஸ்திரம் வளைந்துகொடுக்கும்.

பஞ்சும் கற்பூரமும்

பல் கட்டிக்கொள்வது என்று முடிவானதும் பெரியப்பா கடைக்குப் போகவில்லை, டாக்டரை வீட்டுக்கு வரவழைத்தார். காதர் சாயபு என்று பெயர். ரங்கூனில் தொழில் கற்று வந்து கீழவாசலில் கடை போட்டிருந்தார். ஊரில் பல் சாயபு என்றால்தான் தெரியும். சந்தன நிற அல்பாக்கா கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பேசுகிற மனிதர். நானும் அம்மாவும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஐயா, ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு வல்கனைட்டு. ரப்பர்ல கந்தகத்தச் சேத்து, மூடின சட்டியில நீராவியில வேக வச்சுச் செய்யிறது. கருஞ்செவப்பா இருக்கும், பாக்க அம்புட்டு அழகில்ல. ஆனா காலத்துக்கும் கெடக்கும்."

"இன்னொண்ணு?"

"செல்லுலாயிடு. நெசமான ஈறு கணக்கா ரோஸ் கலரு. ஆரும் கட்டுன பல்லுன்னு சொல்ல மாட்டாக."

"அது என்னத்துல செய்யிறது?"

"பஞ்சுலதேன். பஞ்ச திராவகத்துல ஊறப்போட்டு, கற்பூரத்தச் சேத்துப் பெசஞ்சு அமுக்கி எடுக்கிறது."

பெரியப்பா பொக்கை வாயால், சன்னதியில் நிற்கிற குரலில் சொன்னார். "பஞ்சு, கற்பூரம். வெளக்குத் திரிக்குப் பஞ்சு. தீவாரணைக்குக் கற்பூரம். வேற என்ன வேணும்? அதையே செய்யும். அந்த ரப்பரு எந்தக் காட்டு மரத்துப் பாலோ, எவன் எவன் கால் பட்டதோ. கந்தகம் வேட்டுக்குப் போடுறது. அத வாயில வைக்கிறதா?"

"செய்யலாம் ஐயா. ஆனா ஒண்ணு, இது சூடு தாங்காது. கொதிக்கிற காப்பிய ஊத்திறக் கூடாது. ராத்திரி கழட்டிப் பச்சத் தண்ணியில போட்டு வையிங்க. வெந்நீரு பக்கமே கொண்டு போயிறாதீக."

"சரி சரி" என்றார் பெரியப்பா. அவர் சரி சரி என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

வகுப்பில் நான் சொன்னது

இங்கே கொஞ்சம் பாடம் நடத்திவிட்டு வருகிறேன். பின்னாளில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பதே என் தொழிலாகிவிட்டது. பெரிய மூலக்கூறுகள் என்ற பாடம் வரும்போதெல்லாம் பெரியப்பாவின் பற்களைத்தான் எடுத்துக்கொள்வேன். பெயரைச் சொன்னதில்லை, 'ஒரு பெரிய மனிதர்' என்பேன். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பாடத்தை மறக்காமல் எழுதினார்கள். அந்த மனிதரால் உலகத்துக்கு ஆன ஒரே உபகாரம் அதுதான்.

செல்லுலாயிடுக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நீள நீளமான இழைகள். ஒவ்வொரு இழையும் சின்னச் சின்னக் கண்ணிகள் வரிசையாகக் கோத்துக்கொண்ட சங்கிலி. இழைக்குள் கண்ணியும் கண்ணியும் விடாப்பிடியாகச் சேர்ந்திருக்கும். ஆனால் ஓர் இழைக்கும் பக்கத்து இழைக்கும் நடுவே அந்த மாதிரிக் கட்டு கிடையாது. இடியாப்பம் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும், அவ்வளவுதான். நடுவில் கற்பூரம் புகுந்துகொண்டு, வழுக்கிவிடுகிற வேலையைச் செய்யும். குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும். சூடு பட்டால் இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவ ஆரம்பிக்கும். அமுக்கின பக்கம் போகும்.

ரப்பரும் இழைதான். ஆனால் கந்தகத்தைப் போட்டு வேகவைத்தால், இழைக்கும் இழைக்கும் நடுவே கந்தகம் முடிச்சுப் போட்டுவிடும். நிறையக் கந்தகம், நிறைய முடிச்சு. அப்புறம் அது இழைக் குவியல் இல்லை, ஒரே வலை. வெந்நீரில் போட்டால் லேசாகத் தளரலாம், உருகி ஓடாது. அது பிறந்ததே வெந்நீரைவிடச் சூடான நீராவியில். பெரியப்பா வேண்டாம் என்று ஒதுக்கியது இதைத்தான்.

அவர் கேலி செய்த கந்தகம் வேட்டுக்கு ஆகும், உண்மை. ஆனால் திராவகத்தில் ஊறின பஞ்சு என்ன தெரியுமா? வெடிப்பஞ்சுக்கு உடன்பிறப்பு. பீரங்கிக்குள் போடுகிற சாமானுக்குச் சொந்தக்காரனை வாயில் மாட்டிக்கொண்டு, வேட்டுக்குப் பயந்த மனிதர் அவர்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். காதில் வைரக் கடுக்கன் போட்டிருப்பார். 'ஜாதிக் கல்லு' என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார். நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் கீறிக் காட்டி, பெரியம்மாவின் கண்ணாடியைப் பாழாக்கி வைத்திருந்தார். கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம்தான் எனக்குத் தெரிந்தது, அந்த ஜாதிக் கல் வெறும் கரி என்று. எங்கள் அடுக்களைப் பானையின் அடியில் அப்பியிருந்ததும் கரி, அவர் காதில் மின்னியதும் கரி. பானைக் கரியில் அணுக்கள் ஏடு ஏடாக ஒழுங்கில்லாமல் கிடக்கின்றன. வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் நாலு பேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த நாலு பேரும் அதே மாதிரி. கல் முழுக்க ஒரே பிடி. அதனால்தான் அந்தக் கடினம். உசத்தி கல்லின் பிறப்பில் இல்லை, பிடித்திருக்கிற பிடியில் இருக்கிறது. இதை அவரிடம் சொல்லியிருந்தால் எனக்கும் தலை முழுகச் சொல்லியிருப்பார்.

கருப்பையா வந்தார்

பல் வந்தது. பெரியப்பா வாய் ஓயாமல் சிரித்தார். அதற்கு முன்னால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "கிட்ட வந்து மோந்து பாரு, கோயில் வாசம்" என்று தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினார். உள்ளபடியே கற்பூரம் மணந்தது. சாம்பாரும் மோரும் கற்பூரமாக இருக்கிறது என்று முதல் வாரம் புலம்பினார். பிறகு அதையும் புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இடையில்தான் திருமங்கலத்துச் சம்பந்தம் வந்தது. அந்த மில்லில் பெரியப்பாவுக்குக் கூட்டு கிடைக்கும் என்று பேச்சு. அதற்கு நான் போக வேண்டும். எனக்குப் பசுமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் படிப்பு. காலையில் சந்து முனையில் பள்ளிக்கூட மாட்டுவண்டி வந்து நிற்கும். அந்த வண்டியில் ஏறிக்கொண்டால்தான் எனக்கு மூச்சு வரும். நிச்சயம் ஆன மறுநாளே வண்டியை நிறுத்திவிடுவதாகப் பெரியப்பா சொல்லிவிட்டார். நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். "பசிச்சாத் திம்பா" என்றார். அந்த வார்த்தைக்காக நான் அவரை இன்றைக்கும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

நிச்சயத்துக்கு முந்தின நாள் மேல்வரிசை ஓரத்தில் உறுத்துகிறது என்று பெரியப்பா கடைக்குச் சொல்லி அனுப்பினார். சாயபு வெளியூர் போயிருந்தார். கடையில் பல் செய்கிற கருப்பையாவை அனுப்பி வைத்திருந்தார்கள். வாட்டசாட்டமான இளைஞர். வெளுத்த சட்டை, கையில் தோல்பை. பெரியப்பாவை அண்ணாந்து உட்காரச் சொல்லி, வாய்க்குள் விரலை விட்டு ஈறைத் தடவிப் பார்த்து, பல்லை வாங்கி அரத்தால் நாலு இழுப்பு இழுத்து மாட்டிவிட்டார். உறுத்தல் போய்விட்டது. பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கெட்டிக்காரன்தாம்ப்பா. எந்த ஊரு?"

"சோழவந்தான் பக்கம்."

"நம்ம பக்கமா. ஆரு மகன்?"

"மாயாண்டி மகன். உங்க வயல்ல பண்ணையாளா இருந்தாரே, அவரு மகன்."

பெரியப்பாவின் முகம் போன போக்கை நான் கதவிடுக்கில் பார்த்தேன். அதைப் பார்த்ததற்காக அந்த வீட்டில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பாத்திரம் தேய்த்திருப்பேன்.

"இந்தப் பல்லச் செஞ்சது ஆரு?" என்றார் மெதுவாக.

"நாந்தேன். அச்சுல இருந்து மெருகு வரைக்கும் எல்லாம் நாந்தேன் பாத்தது."

பெரியப்பா இரண்டு வரிசையையும் துண்டில் துப்பினார். கருப்பையா பதறவில்லை. அரத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "மெல்லத் துப்புங்க, பீங்கான் பல்லு தெறிச்சுரும். வாரேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வாசல் வழியாகவே போனார்.

பல்லுக்கு என்ன பரிகாரம்?

பிறகு ஆரம்பித்தது விசாரணை. "பித்தளைன்னாப் புளி போட்டு வெளக்கலாம். மண்ணுன்னா ஒடச்சுத் தூரப் போடலாம். பட்டுன்னாத் தண்ணி தெளிச்சாப் போதும். பல்லுக்கு என்ன?" என்று கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தூரப் போட மனசில்லை. மறுநாள் சபையில் பேச வேண்டும். பொக்கை வாயோடு பேசினால் மில்காரர் என்ன நினைப்பார்?

காலையில் விடை கிடைத்துவிட்டது. "என்ன இருந்தாலும் பஞ்சுதான. பஞ்சுன்னா நூலு, நூலுன்னாத் துணி. துணிய வெள்ளாவி வச்சாச் சுத்தமாயிரும். அவிச்சிருவோம்."

பெரியம்மா மெல்லச் சொன்னார். "வெந்நீரு ஆகாதுன்னு சாயபு சொன்னாருல்ல."

"சாயபுக்கு நம்ம ஆசாரம் என்ன தெரியும்? அவளக் கூப்பிட்டு அவிக்கச் சொல்லு. நாஞ்சொல்ற வரைக்கும் எறக்கக் கூடாது."

அவள் என்றால் என் அம்மா. தம்பி பெண்டாட்டிக்கு அவர் வைத்திருந்த பெயர் அதுதான். உத்தரவு போட்டுவிட்டு அவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனார். எண்ணெய்க் குளியல் என்றால் அவருக்கு லேசில் முடிகிற வேலை இல்லை. சட்டி கொதித்துக்கொண்டே இருந்தது. நான் முதலில் சொன்ன காட்சி அதுதான்.

வெளியே எடுத்தபோது பற்களில் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவை பீங்கான், அதுவும் வைரத்தைப் போல நாலா பக்கமும் பிடித்துக்கொள்கிற ஜாதிதான். அவற்றைத் தாங்கிய ரோஸ் ஈறு மட்டும் தோசைமாவுப் பதத்துக்குத் தளர்ந்து கோணியிருந்தது. ஒரு பல் கிழக்கே பார்த்தது, அடுத்தது மேற்கே பார்த்தது. பெரியப்பா ஆறக்கூட விடவில்லை. நேராக்குகிறேன் என்று கட்டை விரலால் அமுக்கினார். அது விரல் போன பக்கம் போய், அப்படியே ஆறி இறுகிவிட்டது.

சபையில்

எங்கள் ஆட்களில் நிச்சயம் என்றால் காகிதம் கிடையாது, வாய்ச்சொல்தான். பெண் வீட்டுப் பெரியவர் சபையில் எழுந்து, 'எங்க வீட்டுப் பொண்ண உங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதம்' என்று மூன்று தரம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தட்டு மாற்றுவது. மூன்று தரம் சபையில் சொன்னது முடிந்த பேச்சு. அதை யாரும் கோர்ட்டுக்குக் கொண்டு போவதில்லை.

கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை சரிகை அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா கோணின பற்களை எப்படியோ வாய்க்குள் திணித்துக்கொண்டு வந்திருந்தார். உதடு மூடவில்லை. எழுந்து நின்றார். "எங்க வீட்டு" என்பது வரைக்கும் ஏதோ வந்தது. அப்புறம் மேல்வரிசை கீழ்வரிசையின் மேல் விழுந்து டக்கென்றது. மறுபடி வாயைத் திறந்தார். மேல்வரிசை வெளியே வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது.

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்புறம் ஓடினாள். பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு துண்டை எடுக்கவே இல்லை. பொக்கை வாயாலாவது பேசியிருக்கலாம், பேசினால் ஓரளவு விளங்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் வாயைக் காட்ட மானம் விடவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்ல மனிதர், முறை தவறாதவர். "சொல்லு வராம தட்டு மாத்த முடியாது. வேற ஆராச்சும் சொல்லுங்க" என்றார். பெரியப்பாவுக்கு ஆண் பிள்ளைகள் கிடையாது. சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "பொண்ணப் பெத்தவ இருக்கால்ல. ஆத்தா சொன்னாப் போதும்" என்றார் தாய்மாமன்.

தாலி அறுத்தவள் சபைக்கு வரலாமா என்று ஒரு கிழவர் இழுத்தார். பெரியப்பா துண்டுக்கு மேலே கண்ணை உருட்டி, அடுக்களைப் பக்கம் கையைக் காட்டி, வா வா என்று அவசரமாக அசைத்தார். மில் கைநழுவிப் போகிற அவசரம். தான் கையைக் காட்டினால் அவள் சொல்லிவிடுவாள் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவள் அவர் சொன்னதைத்தான் செய்திருந்தாள்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கூடத்துக்குள் கால் வைக்கவில்லை. அம்மாவும் கைவிட்டுவிட்டால் அதோடு தீர்ந்தது.

"எம்பொண்ணக் குடுக்க எனக்குச் சம்மதமில்ல" என்றாள்.

சத்தம் வெளியே வரவில்லை. தாய்மாமன் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன தாயி சொன்ன? கேக்கல" என்றார்.

"எம்பொண்ணக் குடுக்க எனக்குச் சம்மதமில்ல" என்றாள் அம்மா, கொஞ்சம் உரக்க.

பெரியப்பா துண்டுக்குள்ளிருந்து ஏதோ உறுமினார். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. மூன்றாவது தரம் அவள் சொன்னது தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

தாய்மாமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சபையில மூணு தரம் வந்திருச்சு. கெளம்புங்கப்பா" என்றார். கொண்டுவந்த தட்டுகளை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

கூடம் காலியானதும் பெரியப்பா அடுக்களை வாசலுக்கு வந்தார். ஒரு கையால் வாயைப் பொத்தியபடி, இன்னொரு கையால் அம்மாவைக் காட்டினார், என்னைக் காட்டினார், தெருவாசலைக் காட்டினார். மறுபடியும் காட்டினார். பெரியம்மா பயந்துபோய் ஓரமாக நின்றார்.

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அப்புறம் பெரியம்மாவிடம் சொன்னாள். "அவுக என்ன சொல்றாகன்னு எனக்கு வெளங்கல அக்கா. வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க, போயிர்றேன்."

துண்டு வாயை விட்டு இறங்கவில்லை. அம்மா திரும்பி ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்தாள். மறுநாள் காலையில் சந்து முனையில் பசுமலை வண்டி வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன்.